பல்லுக்கட்டு வீடு

எனக்குச் சாய்ந்து உட்காரும் பழக்கம் இல்லை, ஐயா. நாற்காலிக்கு முதுகு இருப்பது நாற்காலியின் விஷயம். வயதில் நீங்கள் என் மூத்த மகனைவிட இளையவராகத்தான் இருப்பீர்கள். போட்டிருக்கும் உடுப்புக்காக ஐயா என்கிறேன். தண்ணீர் வேண்டாம். அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்தால் போதும், பேச்சைக் காற்று அடித்துக்கொண்டு போகிறது.

குழாய்க்காரரை நீங்கள் உள்ளே வைத்து ஒரு வாரம் ஆகிறது. அவரை விட்டுவிடலாம் என்று சொல்லத்தான் வந்தேன். அவர் யாரையும் கொல்லவில்லை. தெருமுனைக் குழியில் கிடைத்த பொருளும் செத்துப்போன யாருடையதும் அல்ல. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். வரிசையாகச் சொல்கிறேன். சிக்கை நடுவில் பிடித்து இழுக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம்.

எங்கள் வீட்டைப் பல்லுக்கட்டு வீடு என்பார்கள். தெருவுக்கு அடியில் ஓடுகிற ஃபைபர் கேபிளைக் கட்டி, இழுத்து, இணைத்துக் கொடுப்பது எங்கள் வேலை. அப்பா காலத்தில் செம்புக் கம்பி, இப்போது கண்ணாடி இழை. தலைமுடி தடிமனில் கண்ணாடி, அதற்குள் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில்தான் ஊரே பேசுகிறது, சண்டை போடுகிறது, சமாதானம் ஆகிறது. இழையை நெரித்தால் வெளிச்சம் கசிந்துவிடும். ஆகவே நாலைந்து கேபிளை ஒன்றாகச் சேர்த்து ஒரே குழாய்க்குள் இழுக்கும்போது கட்டு இறுகவும் கூடாது, நழுவவும் கூடாது. கைக்குழந்தையின் மணிக்கட்டைப் பிடிக்கிற பிடி.

மற்றவர்கள் பிளாஸ்டிக் பட்டையை மாட்டிச் சரக்கென்று இழுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். நாங்கள் மெழுகு நூலில் கட்டுகிறவர்கள். இரண்டு கையும் கேபிளைச் சுற்றி நூலைப் பின்னிக்கொண்டிருக்கும். நூலின் முனையைப் பல்லில் கடித்து, தலையைப் பின்னால் வாங்கி, ஒரே இழுப்பு. பல்தான் எங்களுக்கு மூன்றாவது கை. அப்பா அப்படித்தான் கட்டினார், நான் கட்டுகிறேன், என் இளைய மகளும் கட்டுகிறாள். எங்கள் வண்டியில் பெயர்கூட எழுதவில்லை. நூலைக் கடித்த ஒரு பல்வரிசையை மட்டும் வரைந்து வைத்திருக்கிறோம். சின்னக் குழந்தைகள் அதைப் பல் டாக்டர் வண்டி என்று நினைத்து அழுவதுண்டு. அது அவர்களை வளர்த்த விதம்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் என் மேல்வரிசை போய்விட்டது. கூட்டுக் குடும்பத்தில் மூத்தவன் தனிக்குடித்தனம் போனதும் மற்றவர்களுக்கும் கால் நிற்காது பாருங்கள், அதுபோல ஒன்று கிளம்பியதும் எல்லாம் கிளம்பிவிட்டன. இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் ஒரு பல் டாக்டரைப் பிடித்து மேல்செட் கட்டிக்கொண்டேன். விஷயம் தெரிந்தது என் வீட்டுக்காரிக்கு மட்டும். அவளிடம் மறைக்க வழியில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீர் டம்ளர் இருக்கிறது.

"பெத்த பொண்ணுகிட்டகூடச் சொல்ல மாட்டீங்களா?" என்றாள் அவள்.

"என்னன்னு சொல்றது?"

"பல்லு போச்சுன்னுதான். வயசானா எல்லாருக்கும்தானே போகுது."

"எல்லாரும் பல்லுக்கட்டு வீடா?"

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நியாயத்தைச் சொன்னால் கேட்டுக்கொள்கிறவள்தான்.

குழாய்க்காரர் எங்களுக்கு முன்னால் வேலை செய்கிறவர். அவர் தெருவைத் தோண்டிக் குழாயைப் பதித்து மூடிவிட்டுப் போவார். பிறகு நாங்கள் போய் அதில் கேபிளை இழுப்போம். அவருடைய பையனும் என் இளைய மகளும் ஒரே குழியில் இறங்கி வேலை பார்த்ததில் மனசு ஒத்துப்போய்விட்டது. நான் மேலே நின்றுகொண்டிருந்தேன், எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் பெண் கேட்டு வந்த அன்று வீடு நிறையச் சிரிப்பு. குழாய்க்காரர் வாய் ஓயாதவர். என் மகளைப் பார்த்து, "பல்லுக்கட்டு வீட்டுப் பொண்ணும்மா நீ. சண்டைன்னு வந்தா எங்க பையனைக் கடிச்சுக்கிடிச்சு வச்சிடாதே," என்றார். "அது அவர் நடந்துக்கறதைப் பொறுத்து, மாமா," என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்க வீட்டுல எழுபது வயசுலயும் முப்பத்திரண்டும் சொந்தம்," என்றேன்.

அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் சபையில் சொன்ன சொல், சொன்னதுதான். குழாய்க்காரரின் தாயார் என் வாயையே பார்த்து, "குடுத்து வச்சவரு," என்று பெருமூச்சு விட்டார். சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது.

இனி பெரிய தெரு வேலை விஷயத்துக்கு வருகிறேன். வெயில் மண்டையைப் பிளந்த மதியம். கேபிளின் தலைக்கட்டை, அதாவது முதலில் குழாய்க்குள் நுழைகிற முனையை, எங்கள் வீட்டில் எப்போதும் மூத்தவர்தான் கட்டுவது. நான் தனியாகக் குழிக்குள் இறங்கினேன். ஐந்து கேபிள். நுனியில் மேலுறையை உரித்து, உள்ளே இருக்கும் மஞ்சள் நாரை எடுத்து இழுகயிற்றில் பிணைத்தேன். பிறகு மெழுகு நூலால் வரிசையாகக் கட்டிக்கொண்டு வந்தேன். கடைசிக் கட்டு. நூலைக் கடித்தேன். தலையைப் பின்னால் வாங்கினேன்.

தலை வந்தது. பல் வரவில்லை.

வெயிலில் மெழுகு இளகியிருக்கிறது. செட்டைப் பிடித்துக்கொண்டுவிட்டது. நான் போட்ட முடிச்சு அதன் மேல் விழுந்து பூட்டியும்விட்டது. என்னிடம் ஒரு கத்தி இருந்தது. நூலை அறுத்து எடுக்க ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தில்தான் குழாய்க்காரர் குழிக்கு மேலே தலையை நீட்டினார்.

"என்ன சம்பந்தி, கட்டியாச்சா?"

கருப்பு டேப்பை எடுத்து அதன்மேல் நாலு சுற்றுச் சுற்றினேன். தலையசைத்தேன்.

"அப்ப ஒண்ணு கேக்கணும். தேதியை அடுத்த மாசமே வச்சுக்கலாமா?"

தலையசைத்தேன்.

"பொண்ணு கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்கு வரட்டும். எங்க வண்டி, உங்க வண்டி ரெண்டையும் அவளே பாத்துக்கட்டும். என்ன சொல்றீங்க?"

ஒரு வருடமாக நான் மறுத்துவந்த விஷயம் அது. எங்கள் வண்டியை இன்னொரு வீட்டு வண்டியோடு சேர்ப்பதாவது. தலையசைத்தேன்.

அவருக்கு நம்ப முடியவில்லை. "இழுத்துடலாமா?" என்றார். அதற்கும் தலையசைத்தேன். அவர் எழுந்து தெருவைப் பார்த்துக் கத்தினார்: "இழுங்கப்பா! மனுஷன் எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டாரு!"

வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே நின்றிருக்கும் என்று நினைப்பீர்கள். மேல்வரிசை இல்லாமல் 'சம்பந்தி' என்று நான் சொன்னால் அது எப்படி வெளியே வரும் என்று எனக்குத் தெரியும். குளியலறையில் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

தெருமுனையில் குழாய் வளைகிற இடத்தில் கேபிள் நின்றுவிட்டது. கயிற்றைச் சுற்றி இழுக்கிற வின்ச் இயந்திரம் முனகியது. பின்னால் இழுத்துப் பார்த்தார்கள். திக்கித் திணறி வெளியே வந்தது. டேப் கிழிந்திருந்தது, நூல் அறுந்திருந்தது, இருக்க வேண்டியது இல்லை. உள்ளேயே தங்கிவிட்டது. நான் வேட்டி மடிப்பிலிருந்த கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

என் மகள் தலைக்கட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கூர்மையான பெண். "அப்பா, முன்கட்டு ஒண்ணு காணோம். வளைவுல ஏதோ கூரா இருக்கு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குழாய்க்காரரும் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "குழாயிலதான் குறையா, சம்பந்தி?" என்றார்.

இந்த இடத்தில் நான் செய்ததை மறைக்க விரும்பவில்லை. தலையசைத்தேன்.

"என் குழாயில இந்தப் பக்கம் கோலிக்குண்டை விட்டா அந்தப் பக்கம் சிரிச்சுக்கிட்டு வெளிய வரும்," என்றார் அவர். "சரி. நீங்க சொன்னா இருக்கும். எந்த இடம்னு காட்டுங்க, தோண்டிடலாம்."

கேபிளின் மேலுறையில் மீட்டருக்கு மீட்டர் எண் அச்சிட்டிருக்கும். எவ்வளவு தூரம் உள்ளே போய் நின்றது என்று அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். எங்கள் குழுவில் எண்ணைப் பார்ப்பது நான். என் சொல்லை யாரும் சரிபார்ப்பதில்லை. அது இத்தனை வருடத்தில் நாங்கள் சம்பாதித்த மரியாதை. அதை நான் வீணாக்கவில்லை. தெருமுனையிலிருந்து முடிந்தவரை தள்ளி, பேக்கரி வாசலில் கையிலிருந்த குடையால் ஒரு குத்துக் குத்தினேன்.

அன்றிலிருந்து வாயில் முகக்கவசம் மாட்டிக்கொண்டேன். தொண்டையில் புண், டாக்டர் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்று எழுதிக் காட்டினேன். பல் டாக்டர் அச்சு எடுத்துக்கொண்டார். ஆனால் மறுநாளே மச்சினி கல்யாணம் என்று ஊருக்குப் போய்விட்டார். இந்தக் காலத்தில் தொழில் பக்தி குறைந்துவிட்டது. நான் என்ன செய்ய முடியும்? குடையால் காட்டிக்கொண்டிருந்தேன்.

பேக்கரி வாசலில் தோண்டியதில் குடிநீர்க் குழாய் உடைந்தது. தையல்கடை வாசலில் தோண்டியதில் கடையின் முன்சுவர் வெடித்தது. பள்ளிக்கூட வாசலில் தோண்டியபோது பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். பிள்ளைகள் மட்டும் என்னைப் பார்த்து வணக்கம் வைத்தார்கள். மேற்பார்வைக்கு வந்த இன்ஜினியர் மூன்றாவது குழியில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். தெரு முழுக்கக் குழியாக இருந்ததால் தீயணைப்பு வண்டி சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அது போய்ச் சேர்வதற்குள் தச்சுப்பட்டறை எரிந்துவிட்டது. நல்லவேளை, உள்ளே ஆள் யாரும் இல்லை. மரம் எப்படியும் எரியக்கூடிய பொருள்தான்.

ஒன்றைக் கவனித்தேன். பேசாமல் இருந்த அந்த நாட்களில் என் மீதான மரியாதை இரட்டிப்பாகிவிட்டது. "பெரியவரு மனசு உடைஞ்சுபோயிட்டாரு, பாவம்," என்றார்கள். குழாய்க்காரருக்கு இனி வேலை கொடுப்பதில்லை என்று அலுவலகத்தில் முடிவெடுத்தார்கள். அவருடைய பையன் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டான். கல்யாணப் பேச்சு தானாகவே அடங்கிவிட்டது.

வீட்டுக்காரி எனக்குக் கஞ்சி வைத்துக்கொண்டே சொன்னாள்: "அந்த மனுஷன் முகத்தைப் பாக்க முடியலைங்க. சொல்லித் தொலைச்சிடுங்க."

'எதை?' என்று எழுதிக் காட்டினேன்.

"உங்களுக்கு வாய் வராதது பல்லு இல்லாததால மட்டும் இல்லை," என்றாள். அவள் சில சமயம் இப்படிச் சம்பந்தமில்லாமல் பேசுவாள்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். குழாய்க்காரர் யாரையும் கேட்காமல், ஒருநாள் காலையில் கடப்பாரையோடு தானே போய்த் தெருமுனையில் தோண்டினார். வேலையாட்கள் யாரும் இல்லை. கூட்டம் கூடியது. நானும் குடையோடு போய் நின்றேன். வளைவில் குழாயை அறுத்தார். அதற்குப் பிறகு வெகுநேரம் குனிந்தே இருந்தார். எழுந்தபோது கையில் மண்ணோடு மேல்செட். மளிகைக்கடைக்காரர், "ஐயையோ, இது இவரோட பழைய கூட்டாளி போட்டிருந்த பல்செட்டுல்ல?" என்றார். குழாய்க்காரருக்கு ஒரு கூட்டாளி இருந்தார். பல்செட் கட்டியவர். தொழிலில் சண்டை போட்டுக்கொண்டு இரண்டு வருடங்களுக்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல்போனவர். வாய்க்கு வாய் விஷயம் கொலையாகிவிட்டது. உங்கள் ஆட்கள் வந்தார்கள்.

உங்கள் வண்டியில் ஏறும்போது குழாய்க்காரர் கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். ஆறுதல் கேட்கிறார் என்று புரிந்துகொண்டேன். தலையசைத்தேன்.

அன்று மாலை என் மகள் என் முன்னால் வந்து நின்றாள். "அவரு அப்படிப்பட்டவரு இல்லைப்பா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஊரே கேக்கும். அவங்க வீட்டுல அடுப்பு எரியலை. ஒரே ஒரு வார்த்தைப்பா." நான் பழைய செய்தித்தாளின் ஓரத்தில், 'பார்க்கலாம்' என்று எழுதிக் கொடுத்தேன். அவள் அதை வாங்கிப் படித்துவிட்டு, மடித்து என் கையிலேயே வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. ஒரு வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசாமல் இருப்பது சிரமம்தான்.

நேற்று மாலை புதிய செட் கைக்கு வந்தது. இன்று காலை முதல் வேலையாக உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். நான் தாமதித்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. பல் இல்லாமல் வந்து கொழகொழவென்று பேசியிருந்தால் அது உங்கள் உடுப்புக்கு மரியாதையா?

இதுவரை சொன்னது உங்களுக்கும் எனக்கும் இடையில் இருக்கட்டும். எழுத்தில் வேறு மாதிரி வைத்துக்கொள்வோம். அந்தக் கூட்டாளியை நான் கொன்றுவிட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். தொழில் தகராறு, கோபம், ஒரே அடி. எங்கே புதைத்தேன் என்பதைப் பிறகு யோசித்துச் சொல்கிறேன். ஊரில் இப்போது குழிக்குப் பஞ்சமில்லை. கொலை எந்தக் குடும்பத்திலும் நடக்கக்கூடியது. நல்ல குடும்பங்களில் நடந்தே இருக்கிறது. பத்து வருடத்தில் ஊர் மறந்துவிடும். பல்செட் அப்படி இல்லை, ஐயா. நாளைக்கு என் பேரன் பள்ளிக்கூடத்துக்குப் போனால் அவனுக்கு முன்னால் அது போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்.

என்ன சொல்கிறீர்கள்? உயிரோடு இருக்கிறாரா? செய்தியைப் பார்த்துவிட்டு இன்று காலை அவரே போன் செய்தாரா? தன் மகள் வீட்டில் இருக்கிறாரா? பல்லோடுதான் இருக்கிறாரா?

சரி. அது ஒரு இடைஞ்சல். பெரிய இடைஞ்சல் இல்லை. என் மகள் கல்யாணத்தை மறுபடி பேசி முடிக்கிற வரைக்கும் மட்டும் அவர் கொஞ்சம் செத்திருக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். அவரும் குடும்பஸ்தர்தானே, புரிந்துகொள்வார்.

முடியாதா. சரி.

இது என்ன? கொடுங்கள், கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன். மெழுகு நூல். ஆமாம், என் கட்டுதான். பாருங்கள், இரண்டு பக்கமும் நூல் அறுந்திருக்கிறது, முடிச்சு அவிழவில்லை. வின்ச் இழுத்தும் அவிழவில்லை. இப்படிக் கட்ட இந்த ஊரில் வேறு ஆள் இல்லை. இது உங்களுக்கு எங்கே கிடைத்தது?

அவருடைய சட்டைப்பையிலா?

குழியில் குனிந்திருந்தபோதே பல்லிலிருந்து இதை உருவி ஒளித்துக்கொண்டாரா? ஒரு வாரமாக நீங்கள் கேட்டும் சொல்லவில்லையா? 'அது எங்க குடும்ப விஷயம்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசவில்லையா?

இல்லை, தண்ணீர் வேண்டாம். நன்றாகத்தான் இருக்கிறேன். நான் சாய்ந்து உட்காரவில்லை, ஐயா, நாற்காலியைச் சரிசெய்தேன்.

அப்படியென்றால் முதல் நாளே அவருக்கு எல்லாம் தெரியும். இதைக் கேட்ட பிறகு ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. என் மகள் வாசலில் நிற்கிறாளே, கையில் அவருக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு. தினமும் வருகிறாள் போலிருக்கிறது, எனக்குச் சொல்லவில்லை. அவளை உள்ளே கூப்பிடுங்கள். நானே பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன். குழி தோண்டியதை மன்னித்தேன். என்னிடம் கேட்காமல் தோண்டியதையும் மன்னித்தேன். நான் மன்னிக்கத் தெரியாதவன் அல்ல. ஆனால் உண்மை இன்னதென்று தெரிந்தும் ஒரு வாரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கக்கூடிய மனிதர் அவர் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் எங்களால் பெண் கொடுக்க முடியாது.